மொட்டை மாடியில் நீட்டி நிற்கும் கம்பிகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் இதைப் பார்க்கலாம். கீழ்த்தளம் பூசி, பெயின்ட் அடித்து, வாசலில் கோலம் போட்டுக் குடியிருப்பார்கள். மொட்டை மாடியில் மட்டும் நாலு மூலையிலும் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். 'பாதியில் விட்ட வீடு' என்று போகிற வருகிறவர்கள் சொல்வார்கள். இருபது வருடமாகச் சின்ன மனைகளுக்கு வீடு வரைந்து கொடுக்கும் சிவில் இன்ஜினியர் நான். நான் பார்த்தவரை, தினக்கூலியிலும் சின்னக் கடையிலும் பிழைக்கிற குடும்பங்கள் சொந்த வீட்டுக்கு வந்தது பெரும்பாலும், முதலில் கொஞ்சம் கட்டிக் குடியேறி, பணம் சேர்ந்தபின் மாடி எடுக்கக் கம்பியை விட்டுவைக்கும் இந்த வழியில்தான்.

சில வருடங்களுக்கு முன் டிபன் கடை நடத்தும் கணவன் மனைவி வந்தார்கள். 650 சதுர அடி மனை, கையில் ஏழு லட்சம். ஒரு கான்ட்ராக்டர் மாடியோடு சேர்த்து மொத்தமாக முடித்துத் தர 28 லட்சம் சொல்லி, மீதிக்குக் கடன் ஏற்பாடு செய்வதாகவும் சொல்லியிருக்கிறார். மாதத் தவணையைக் கணக்குப் போட்டால், அவர்கள் கொடுத்துக்கொண்டிருந்த வாடகையைப் போல மூன்று பங்கு வந்தது. "இப்போதைக்கு ஒரு ரூம், சமையலறை, பாத்ரூம் போதுமாம்மா?" என்று கேட்டேன். "போதும் சார். ஆனா பாதி வீடு கட்டினா சொந்தக்காரங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றார் அந்த அம்மா. 320 சதுர அடிக்கு வரைந்தேன். அஸ்திவாரம் மட்டும் மனை முழுவதற்கும், இரண்டு தளத்துக்குமாகப் போட்டோம்.

இதை நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1977-இல் உலக வங்கிக் கடனுதவியோடு சென்னையில் தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டத்தில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், அப்புறம் முகப்பேர். சாலை, தண்ணீர், சாக்கடை, மின்சாரம் எல்லாம் அரசு போட்டது. ஏழைகளுக்கு ஏறக்குறைய ஒரு சென்ட் அளவில் சின்னச் சின்ன மனைகளைக் கொடுத்துவிட்டு, வீட்டை அவரவர் வசதிக்குக் கட்டிக்கொள்ள விட்டார்கள். அதே லேஅவுட்டில் பெரிய மனைகளையும் கடை மனைகளையும் நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். ஆரம்பத்தில் பல மனைகள் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்ததால் திட்டம் தோற்றுவிட்டது என்றே பலரும் எழுதினார்கள். இன்று முகப்பேரில் போய்ப் பாருங்கள். ஓட்டு வீடாகவும் ஷீட் வீடாகவும் ஆரம்பித்தவை இரண்டு மாடி, மூன்று மாடியாக நிற்கின்றன. பெரிய மனைக்காரரும் சின்ன மனைக்காரரும் அடுத்தடுத்த தெருவில் இருக்கிறார்கள். 1980-களில் இந்தூரின் ஆரண்யா குடியிருப்பில் கட்டடக்கலைஞர் பி.வி. தோஷி செய்ததும் கிட்டத்தட்ட இதுவே.

பிறகு நாம் அடுக்குமாடிக்கு மாறினோம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரையில் இருந்தவர்களை வேலையும் பள்ளிக்கூடமும் இருந்த இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக் கொண்டுபோய் வைத்தோம். வீடு கிடைத்தது உண்மை. ஆனால் தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிற செலவும் அந்த வீட்டின் விலையில் சேரும். பையனுக்குக் கல்யாணமானால் அங்கே ஒரு அறை கூடுதலாகப் போட முடியாது. நகரத்தின் நடுவில் நிலம் கிடைப்பது அரிது. அங்கே இருக்கிற இடத்திலேயே மாடி வீடாகத் திரும்பக் கட்டித் தருவதுதான் சரி. ரயில் வசதியுள்ள புறநகரிலும் மற்ற ஊர்களிலும் வசதி செய்த சின்ன மனைகளை அரசு மறுபடி கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரசு கொடுக்கும்வரை, மனை வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, விதிப்படி கட்டுவதாக நாமே உறுதியளிக்கும் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். மனை அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், வேறெங்கும் கான்கிரீட் வீடு இல்லாத ஏழைக் குடும்பம் சொந்த மனையில் கட்ட மானியம் உண்டு. 2024-இல் வந்த இரண்டாம் கட்டத்தில் இது 2.5 லட்சம் வரை. கிராமமென்றால் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம். பணம் கட்டுமானம் ஏற ஏறத்தான் வரும். அதனால் முதல் தவணை வரும்வரை பேஸ்மென்ட் போடக் கையில் பணம் வேண்டும். பலர் வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இப்போது கட்டுவதற்கு வருவோம். எல்லோரும் பில்லர் கேட்கிறார்கள். நல்ல மண்ணில், ஒழுங்காகக் கட்டிய ஒன்பது இன்ச் சுவர் இரண்டு தளத்தைத் தாங்கும்; பில்லர் கட்டாயமில்லை. களிமண் பூமி என்றால் கதை வேறு, அங்கே மண்ணைப் பரிசோதித்து அதற்கேற்ற அஸ்திவாரம்தான் போட வேண்டும். பில்லர்தான் என்று முடிவானால், மேலே விடும் கம்பியைச் சும்மா விடாதீர்கள். சிமென்ட் பால் அடித்து, சிமென்ட் குறைவாகக் கலந்த கான்கிரீட்டால் மூடிவிடுங்கள். மாடி எடுக்கும்போது உடைத்துக்கொள்ளலாம். பத்து வருட மழையில் துருப்பிடித்து மெலிந்த கம்பியின் மேல் எழுப்பிய மாடிகளைப் பார்த்திருக்கிறேன், பயமாக இருக்கிறது. படிக்கட்டை வீட்டுக்கு வெளியே வையுங்கள். அப்போதுதான் மாடி ஒரு தனிப் போர்ஷனாகும், கடனில் ஒரு பகுதியை வாடகை அடைக்கும். தெருவுக்கு ஒரு மாடிப் போர்ஷன் கூடினால், அந்தப் பகுதியிலேயே வேலை பார்க்கிற இன்னொரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற வீடு கிடைக்கிறது. அவர்களிடம் பத்து மாத அட்வான்ஸ் கேட்காதீர்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் பொதுவான வரம்பு மூன்று மாதம்.

இரண்டு தளத்துக்குப் போட்ட அஸ்திவாரத்தில் மூன்றாவது தளம் ஏற்றவே கூடாது. எத்தனை தளத்துக்கு என்பது மண்ணுக்குள் இருக்கிறது. பத்து வருடம் கழித்து வருகிற மேஸ்திரிக்கு அது எப்படித் தெரியும்? அதனால் அஸ்திவாரம், கம்பி அளவுகளைக் காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கைப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கச் சொல்கிறேன். குழியை மூடும் முன் பில்லருக்கு அடியில் வரும் ஒவ்வொரு ஃபுட்டிங்கையும் டேப் வைத்துப் போட்டோ எடுக்கவும் சொல்கிறேன்.

டிபன் கடை அம்மா போன தை மாதம் திரும்ப வந்தார். பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்களாம், மாடி எடுக்க வேண்டும் என்றார். நான் ஃபைலைத் தேடி எடுப்பதற்குள் தன் போனை நீட்டினார். ஆறு குழி, ஆறு போட்டோ. கம்பி எண்ணிக்கை கூடத் தெளிவாகத் தெரிந்தது.