மனிபால் – குறைமதிப்பீட்டுத் தேர்வு

மனிபால்: பெயர்ச்சொல். வீரர்கள் சந்தையில் மற்ற அணிகள் குறைத்து மதிப்பிட்டிருக்கும் திறன் எது என்பதை எண்களை வைத்துக் கண்டுபிடித்து, அந்தக் குறைந்த விலைக்கே வாங்கி, கையில் இருக்கும் பணத்துக்கு மீறிய வெற்றிகளைச் சேர்க்கும் முறை. அமெரிக்க பேஸ்பாலில் பிறந்த சொல்.

முதலில் எழுத்து. மூன்று சுழி ‘ண’ போட்டு ‘மணிபால்’ என்று எழுதினால் கர்நாடகத்தில் மருத்துவக் கல்லூரிக்குப் பேர்போன ஊர் வந்து நிற்கும். இரண்டு சுழி ‘ன’ போட்டு ‘மனிபால்’ என்பதே குழப்பமில்லாதது. கூடைப்பந்தில் என்.பி.ஏ. நடத்தும் மூன்று புள்ளி எறிதல் போட்டியிலும் ‘மனி பால்’ உண்டு. அது இரட்டிப்புப் புள்ளி தரும் வண்ணப் பந்து, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் 2003-ல் வெளியிட்ட நூலின் தலைப்பிலிருந்து இந்தச் சொல் பொருள் பெற்றது. நூல் பேசுவது ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் அணியையும் அதன் பொது மேலாளர் பில்லி பீனையும், குறிப்பாக 2002 பருவத்தையும். பிராட் பிட் நடித்த 2011 படம் சொல்லை உலகெங்கும் கொண்டுபோனது. அதன் பிறகு ‘எதையும் புள்ளிவிவரம் பார்த்துச் செய்வது’ என்று பொருள் நீர்த்துவிட்டது. புள்ளிவிவர ஆய்வுக்கு அதற்கு முன்பே தனிப் பெயர் இருந்தது: சேபர்மெட்ரிக்ஸ்.

அமெரிக்க பேஸ்பால் ஆய்வுக் கழகம் 1971-ல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் தொடங்கியது. அதன் ஆங்கில முதலெழுத்துகளான எஸ், ஏ, பி, ஆர் ஆகியவற்றைச் சேர்த்து வாசித்தால் ‘சேபர்’. அளவீட்டைக் குறிக்கும் கிரேக்க வேர்ச்சொல்லிலிருந்து வந்த ‘மெட்ரிக்ஸ்’ஸை அதனோடு ஒட்டி 1980 வாக்கில் சொல்லை உருவாக்கியவர் பில் ஜேம்ஸ். கான்சாஸ் மாநிலத்தில் ஒரு டின் உணவு ஆலையில் காவலாளியாக இருந்துகொண்டே, 1977 முதல் ஆண்டுதோறும் பேஸ்பால் கணக்குகளைத் தானே அச்சிட்டு விற்றவர். வாள்வீச்சில் நம் பவானி தேவி கையில் பிடிக்கும் சேபர் வேறு. அகராதியில் வாளைத் தேடவேண்டாம்.

சேபர்மெட்ரிக்ஸ் ஓர் ஆய்வுத் துறை. மனிபால் அந்த அறிவைக் கொண்டு சந்தையில் செய்யும் வியாபாரம். பணக்கார அணியும் சேபர்மெட்ரிக்ஸ் செய்யலாம். அதே அறிவு எல்லா அணிகளிடமும் சேர்ந்துவிட்டால் மனிபாலுக்கு இடமே இருக்காது.

சந்தை எதைத் தவறவிட்டது என்று புரிய ஒரு பழைய கணக்கைப் பார்க்கவேண்டும். பேஸ்பாலில் பந்தெறிபவரான பிட்சர் எறியும் பந்து, பேட்டர் அடிப்பதற்கென்று வகுத்த ‘ஸ்ட்ரைக்’ எல்லைக்கு வெளியே போய், பேட்டர் மட்டையை வீசாமல் விட்டால் அது ‘பால்’. நான்கு பால் ஆனால் பேட்டர், ரன் எடுக்கத் தொடவேண்டிய தளங்களான பேஸ்களில் முதலாவதற்கு நடந்தே போகலாம். இதற்கு ‘வாக்’ என்று பெயர். பேட்டிங் சராசரி, அடித்து எடுத்த ‘ஹிட்’களை அதிகாரப்பூர்வ அடி வாய்ப்புகளால் வகுப்பது. வாக் இதில் மேலேயும் வராது, கீழேயும் வராது. 19-ஆம் நூற்றாண்டில் பேஸ்பால் கணக்கெழுதும் முறையை வகுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து, கிரிக்கெட் செய்தியாளராக இருந்து வந்தவர். வாக் என்பது பிட்சரின் பிழை, பேட்டருக்கு அதில் பெருமை இல்லை என்பது அவர் எண்ணம். வைடு பந்து பேட்ஸ்மேன் கணக்கில் சேராது என்று பழகிய நமக்கு அது நியாயமாகத்தான் தோன்றும். 1887-ல் ஒரே ஒரு பருவம் மட்டும் வாக்கையும் ஹிட்டாக எண்ணினார்கள். சராசரிகள் வீங்கிப்போகவே அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். வாக்கைச் சேர்த்து எண்ணும் ‘பேஸ் அடையும் விகிதம்’ 1984-ல்தான் அதிகாரப்பூர்வக் கணக்காயிற்று.

அந்த விகிதம் இப்படி: ஹிட், வாக், உடம்பில் பந்து பட்டுப் பெற்ற பேஸ் மூன்றையும் கூட்டி, அடி வாய்ப்பு, வாக், உடம்பில் பட்டவை, தியாக ஃபிளை (தான் கேட்ச் ஆகி அவுட்டானாலும் சக வீரர் ரன் எடுக்க உதவிய உயர அடி) நான்கின் கூட்டுத்தொகையால் வகுக்கவேண்டும். கற்பனையாக இரண்டு பேட்டர்களை எடுத்துக்கொள்வோம். இருவரும் பருவத்தில் 600 முறை மட்டை பிடித்தவர்கள். முதலாமவர்: 565 அடி வாய்ப்பு, 164 ஹிட், 28 வாக், உடம்பில் பட்டது 2, தியாக ஃபிளை 5. சராசரி 0.290. இரண்டாமவர்: 500 அடி வாய்ப்பு, 130 ஹிட், 92 வாக், உடம்பில் பட்டது 5, தியாக ஃபிளை 3. சராசரி 0.260. பழைய சந்தை முதலாமவருக்குத்தான் பணம் கொட்டும். பேஸ் அடையும் விகிதமோ முதலாமவருக்கு 194/600, அதாவது 0.323, இரண்டாமவருக்கு 227/600, அதாவது 0.378. வித்தியாசம் 33 முறை. ஓர் அணிக்கு ஒரு ஆட்டத்தில் கிடைப்பதே 27 அவுட். நேரம், ஓவர் என்று வேறு வரம்பு எதுவும் கிடையாது. 33 அவுட்டை மிச்சம் பிடிப்பவர் அணிக்கு ஓர் ஆட்டத்துக்கு மேற்பட்ட பேட்டிங்கைக் கூடுதலாகத் தருகிறார்.

பேஸ் அடைவது மட்டும் போதாது, ஒரு அடியில் எத்தனை பேஸ் கடக்கிறார் என்பதும் வேண்டும். அதற்கு மொத்த பேஸ்களை அடி வாய்ப்பால் வகுத்த விகிதம் உண்டு. இரண்டையும் சும்மா கூட்டி ஒரே எண்ணாக்குவது வழக்கம். விரைவாகப் பார்க்க அது உதவும், விலை பேச உதவாது: இரண்டையும் சம எடையில் கூட்டுவது தவறு. ஓக்லண்டில் பீனின் உதவியாளரான பால் டிபொடெஸ்டா, பேஸ் அடைவதற்கு மூன்று மடங்கு எடை கொடுத்தார். பின்வந்த கணக்குகள் அதை இரண்டு மடங்கை ஒட்டி நிறுத்தின.

இனி 2002. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். பருவம் முடிந்ததும் நடக்கும் கோப்பைச் சுற்றுகளுக்குப் போக ஏறக்குறைய 95 வெற்றி வேண்டும் என்பது இலக்கு. எடுத்த ரன்னுக்கும் கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒவ்வொரு 10 ரன்னும் ஒரு வெற்றி என்பது பருமட்டான வாய்ப்பாடு. பாதி வெற்றியான 81-க்கு மேல் 14 வேண்டுமென்றால் 140 ரன் கூடுதலாக வேண்டும். ஓக்லண்டின் கணக்கில் இது 135 அளவில் வந்தது. சரிபார்க்க பில் ஜேம்ஸின் ‘பிதாகரஸ்’ வாய்ப்பாடு: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன் வர்க்கமும் கொடுத்த ரன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்கவேண்டும். அந்தப் பருவத்தில் அணி 800 ரன் எடுத்து 654 கொடுத்தது. விடை 0.599, 162-ஆல் பெருக்கினால் 97 வெற்றி. உண்மையில் கிடைத்தது 103. அந்த ஆறு வெற்றி பெரும்பாலும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதவேண்டியது. அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை 103-லிருந்து தொடங்கும் மேலாளர் ஏமாறுவார், 97-லிருந்து தொடங்கவேண்டும்.

அந்த 103-ஐ அணி எடுத்தது ஏறக்குறைய 4 கோடி டாலர் சம்பளத்தில். அதே ஆண்டு அதே 103 வெற்றியை எடுக்க நியூயார்க் யாங்கீஸ் 12 கோடிக்கு மேல் செலவழித்தது. ஓக்லண்டின் முதல் பேஸ் ஆளான ஜேசன் ஜியாம்பியை 7 ஆண்டுக்கு 12 கோடி டாலர் ஒப்பந்தத்தில் தூக்கிப்போனதும் யாங்கீஸ்தான். ஜியாம்பியின் 2001 பேஸ் அடையும் விகிதம் 0.477. அப்படி இன்னொருவரை வாங்கப் பணமில்லை. அவரைப் போல அணியை விட்டுப் போனவர்கள் பேஸ் அடைந்த மொத்தத்தைப் பல பேரிடம் பிரித்து வாங்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். முழங்கையில் நரம்பு கெட்டு, பேட்டருக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்சராக இனிப் பந்தெறிய முடியாத ஸ்காட் ஹேட்டிபெர்க்கை 10 லட்சம் டாலருக்கும் குறைவாக எடுத்து, அதற்குமுன் அவர் ஆடியிராத முதல் பேஸில் நிறுத்தினார்கள். அவர் விகிதம் 0.374. வயதாகிவிட்டது என்று மற்றவர்கள் ஒதுக்கிய டேவிட் ஜஸ்டிஸ் 0.376. தரையை ஒட்டிக் கையை வீசி எறியும் பிட்சர் சாட் பிராட்ஃபோர்டின் பந்து வேகமில்லை, பார்க்கவும் விநோதம். ஆனால் அவுட் விழுந்தது. மூவரிடமும் வெளிப்படையாக ஒரு குறை இருந்தது, அந்தக் குறைக்காகச் சந்தை தள்ளுபடியை அளவுக்கு மீறிக் கொடுத்தது.

படத்தில் சரியாக வராத பகுதி ஒன்று உண்டு, இந்தச் சொல்லைப் பயன்படுத்துபவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். அந்த அணியின் முதுகெலும்பு டிம் ஹட்சன், மார்க் மல்டர், பாரி ஸீட்டோ என்ற மூன்று பிட்சர்களும், மிகேல் டெஹாடா, எரிக் சாவேஸ் என்ற இரண்டு இன்ஃபீல்டர்களும் (பேஸ்களை ஒட்டி நின்று தடுப்பவர்கள்). ஸீட்டோ அந்த ஆண்டு சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும், டெஹாடா அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் பெற்றனர். இவர்கள் அணிக்கு மலிவாகக் கிடைத்தது சந்தை ஏமாந்ததால் அல்ல. மேல் லீகில் ஆறு ஆண்டு சேவை முடியும்வரை வீரர் வேறு அணிக்குத் தன்னிச்சையாகப் போக முடியாது. முதல் மூன்று ஆண்டு அளவில் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே வாங்குவார், பிறகு சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் தீர்ப்பில் கொஞ்சம் கூடும். சிறு பணத்தில் அணி கட்டுபவருக்கு இந்த ஆறு ஆண்டுதான் பெரிய சேமிப்பு.

இந்த முறை எங்கே சறுக்கும்? 162 ஆட்டத்தில் சரியாக வேலை செய்யும் விகிதம் ஐந்து ஆட்டத் தொடரில் தடுமாறும். 2000 முதல் 2003 வரை நான்கு ஆண்டும் ஓக்லண்ட் முதல் சுற்றிலேயே, நான்கு முறையும் 3–2 என்று தோற்றது. அடுத்தது, மைதானம். அணி அப்போது ஆடிய ஓக்லண்ட் மைதானத்தில் கோட்டுக்கு வெளியே இடம் அதிகமாக இருந்தது. வேறு ஊரில் ரசிகர்களிடம் போய் விழும் பந்து அங்கே கேட்ச் ஆனது. மைதானத் திருத்தம் போடாமல் இரண்டு ஊர் பேட்டர்களை ஒப்பிட்டால் விலை தப்பும். பெரிய சறுக்கல், ரகசியம் வெளியே போவது. ஹேக்ஸ், ஸாவர் என்ற பொருளியலாளர்கள் சம்பளத் தரவை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, பேஸ் அடையும் திறனுக்கு அதுவரை கிடைக்காத விலை 2004-ல் கிடைக்கத் தொடங்கிவிட்டது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2002 இறுதியில் பில் ஜேம்ஸையே வேலைக்கு எடுத்து, 2004-ல் கோப்பையும் வாங்கியது.

அதனால் ‘வாக் எடுப்பவரை வாங்குவது மனிபால்’ என்று எழுதுவது இன்றைக்குப் பிழை. பிட்ஸ்பர்க் பைரட்ஸ் 2013 பருவத்துக்கு ரஸல் மார்ட்டின் என்ற கேட்சரை எடுத்ததில் ஒரு காரணம், ஸ்ட்ரைக் எல்லையின் விளிம்பை ஒட்டி வரும் பந்தைக் கையுறை அசையாமல் வாங்கி நடுவரை ‘ஸ்ட்ரைக்’ சொல்லவைக்கும் அவர் திறன். அதற்குச் சம்பளத்தில் அப்போது விலையே இல்லை. 1992-க்குப் பிறகு முதல் முறையாக அந்த அணி தோல்வியை விட வெற்றி அதிகம் கண்டது அந்தப் பருவத்தில்தான். திறன் மாறிவிட்டது, முறை மாறவில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பணப்பந்து’ சொல்லைப் பெயர்க்கிறது, பொருளைத் தொலைக்கிறது. பரிசுச் சீட்டு மாதிரி ஒலிக்கிறது. ‘மலிவுத் தேர்வு’ பாதிதான் சரி, மலிவான எல்லாரும் குறைத்து மதிப்பிடப்பட்டவர்கள் அல்லவே. ‘குறைமதிப்புத் தேர்வு’ நெருங்கி வருகிறது, ஆனால் மதிப்பு குறைந்தவரைத் தேர்வது போலவும் படிக்கலாம். குறை வீரரிடம் இல்லை, மதிப்பிட்டவரிடம் இருக்கிறது. அதைச் சொல்ல ‘குறைமதிப்பீட்டுத் தேர்வு’ பொருந்தும்.

சேபர்மெட்ரிக்ஸுக்கு ‘அளவையியல்’ என்ற ஒட்டு வேண்டாம். தருக்கத்துக்கும் தமிழில் அந்தப் பெயர் உண்டு. உண்மையை அறியும் வழிகளான பிரமாணங்களை ‘அளவை’ என்று மணிமேகலையே எண்ணுகிறது. பேஸ்பாலுக்கு ‘அடிபந்தாட்டம்’ என்ற வழக்கை ஏற்றால் ‘அடிபந்தாட்ட அளவியல்’ போதும். செய்தித்தாள் தலைப்புக்கு நீளம் என்பவர்கள் ‘சேபர்மெட்ரிக்ஸ்’ என்றே எழுதலாம், தவறில்லை. பேஸ் அடையும் (‘ஆன்-பேஸ்’) விகிதத்துக்கு ‘தளமடைவு விகிதம்’ சுருக்கமாக இருக்கும்.

ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலைக்கு வந்த வீரர் ஒரு ஆட்டத்தில் கலக்கினால் உடனே இந்தச் சொல்லை ஒட்டிவிடுகிறார்கள். அங்கே எல்லா அணிக்கும் ஒரே செலவு வரம்பு, ஏழை அணி என்று ஒன்று கிடையாது. எந்தத் திறனை மற்ற அணிகள் விலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை, அந்தத் திறன் எத்தனை ரன் தரும் என்று ஏலத்துக்கு முன்பே கணக்கு வைத்து வாங்கியிருந்தால் குறைமதிப்பீட்டுத் தேர்வு என்று எழுதுங்கள். இல்லையென்றால் அது ‘மலிவாக வாங்கினார்கள், நன்றாக ஆடினார்’ என்பதுதான்.