கோர் பல்மோனாலே: சுவாசப்பையால இதயத்துக்கு வாற வருத்தம்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கனகாலமா முட்டு (மூச்சுத் திணறல்) இருக்கிற ஆக்கள்ட கிளினிக் கொப்பியில சீஓபீடி (நாட்பட்ட சுவாசப்பை அடைப்பு நோய்) எண்டதுக்குக் கீழ சில நேரம் கோர் பல்மோனாலே எண்டும் எழுதியிருப்பாங்க. வீட்டாக்கள் அதக் கேட்டுட்டு "ஹார்ட்டும் பழுதாப் போச்சாம்" எண்டு பயந்து இதயத்துக்கு மட்டும் மருந்து தேடி ஓடுறாங்க, முட்டுக்கு அடிக்கிற பம்ப (இன்ஹேலர) கைவிட்டுடுறாங்க. அது பெரிய ஆபத்து.

சொல் லத்தீன். கோர் எண்டா இதயம், பல்மோ எண்டா சுவாசப்பை. இந்தப் பேர 1931ல அமெரிக்க இதய வைத்தியர் போல் டட்லி வைட் பாவிச்சதா மருத்துவ நூல்கள் சொல்லும், 1955ல ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்த நேரம் வைத்தியம் பாத்தவரும் இவர்தான். மறுகா 1960கள்ல உலக சுகாதார நிறுவனம் இதுக்கு வரையறை வச்சிச்சு: சுவாசப்பை நோயால வலது இதயவறை தடிச்சுப் போறது. இடப்பக்க இதய நோயாலயோ பிறவிக் கோளாறாலயோ வந்தா இந்தப் பேர் இல்ல.

வலது இதயவறைட சுவர் மெல்லிசு, பக்கத்தில இருக்கிற சுவாசப்பைக்கு மட்டும் ரத்தம் தள்ளுறதால அதுக்குப் பெரிய பலம் தேவையில்ல. ஆனா சுருட்டு, பீடி, சிகரட், இல்லாட்டி வருசக்கணக்கா குசினியில விறகுப் புகை, இதுகளால சுவாசப்பை கெட்டு ஒட்சிசன் குறைஞ்சா அங்க இருக்கிற சின்ன நாடிகள் சுருங்கும், இத 1946ல ஓய்லர், லில்யஸ்ட்ராண்ட் எண்ட ரெண்டு சுவீடன் ஆய்வாளர்கள் பூனைகள்ள செஞ்ச ஆய்வில காட்டினாங்க. சுருங்கின குழாய்க்குள்ள ரத்தத்தத் தள்ளித் தள்ளி அந்த அறை முதல்ல தடிக்கும், பிறகு வீங்கும், கடைசியில களைச்சுப் போகும். ஹோஸ் மடங்கின தண்ணி மோட்டர் திணறுற மாதிரித்தான். ரத்தம் பின்னால தேங்குறதால காலும் கணுக்காலும் வீங்கும், கழுத்து நாளம் புடைக்கும், ஈரல் பெருத்து வயிறு பாரமா இருக்கும். கால் வீங்கினா உடன கிட்னி எண்டு முடிவெடுக்கிற ஆக்கள் கனபேர், முட்டுக்காரர் எண்டா இதையும் யோசிக்கோணும், எக்கோ (இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன்) எடுத்துப் பாத்தா தெரியும்.

சரி, தமிழ்ல என்ன சொல்ற? இந்தியாவில "நுரையீரல் இதய நோய்" எண்டு எழுதுறாங்க, நம்மட பள்ளிக்கூடப் புத்தகங்கள்ள நுரையீரல சுவாசப்பை எண்டுதான் படிச்சம், தமனி எண்டு அவங்க எழுதுறது நமக்கு நாடி. "சுவாசப்பை இதயம்" எண்டு அப்படியே மாத்தினா கேக்கிற ஆளுக்கு ஒண்டும் விளங்காது. என்ட எண்ணத்தில "சுவாசப்பைவழி வலது இதய நோய்" எண்டதுதான் சரி, கொஞ்சம் நீளம்தான், ஆனா எங்க இருந்து வந்திச்சு, எந்தப் பக்கத்தத் தாக்கிச்சு எண்ட ரெண்டையும் சொல்லிடும். வீட்டில கதைக்க "முட்டு முத்தி இதயத்துக்கு வந்தது" எண்டாலும் போதும்.

வைத்தியமும் சுவாசப்பை வழியாத்தான். புகைய நிப்பாட்டோணும், பம்ப விடப்படா, வீக்கத்துக்கு நீர் போற குளிசை குடுப்பாங்க. ரத்தத்தில ஒட்சிசன் நல்லாக் குறைஞ்சவங்களுக்கு வீட்டில ஒரு நாளைக்கு 15 மணித்தியாலமாவது ஒட்சிசன் குடுத்தா ஆயுள் கூடும் எண்டு 1980, 1981ல வந்த ரெண்டு பெரிய ஆய்வுகள் காட்டிச்சு. ஆனா அளவ டொக்டர்தான் சொல்லோணும், கூடக் குடுத்தா சிலருக்கு காபனீரொட்சைட்டு ஏறி மயக்கம் வரும், ஒட்சிசன் போடுற அறையில நெருப்பும் கூடாது.

இன்னொண்டு, இது மாரடைப்பு இல்ல. மாரடைப்பு இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற நாடி அடைபடுறது. சீஓபீடிக்காரருக்கு, அதுவும் புகைச்ச ஆக்களுக்கு, மாரடைப்பும் வாறதுதான், அதால நெஞ்சு இறுக்கி நோவெடுத்தா, வேர்த்தா, முட்டுத்தானே எண்டு பம்ப அடிச்சிட்டு இருக்காம உடன 1990 அம்புலன்சுக்கு கோல் எடுங்க.