எதிர் நாற்காலி காலியானதை யார் சொல்வது?

பார்வையற்றோருக்கு இயங்குதிறன் பயிற்சி அளிப்பது என் தொழில். வெண்கோலைப் பிடிக்கும் முறை, பேருந்து ஏறுவது, கைப்பேசியில் திரைவாசிப்பானைக் கையாள்வது என எல்லாவற்றுக்கும் எங்களிடம் பாடத்திட்டம் உண்டு. என்னிடம் பயின்று வேலைக்குப் போன இளைஞர் ஒருவர் சில மாதங்கள் கழித்து வந்து சொன்னது அந்தப் பாடத்திட்டத்தில் எங்குமே இல்லை. "மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டே பேசிட்டிருந்தேன் சார். எதிர்ல இருந்தவர் எப்பவோ எழுந்து போயிட்டார். நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்திருக்கேன். பக்கத்து மேசையில சிரிச்சப்பதான் தெரிஞ்சது."

பேச்சில் பெரும்பகுதி வாய் திறக்காமலேயே நடக்கிறது. கூட்டத்தில் மேலாளர் ஒருவரைப் பார்த்து "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால், அந்தக் கேள்வி யாருக்கு என்பதைச் சொல்வது அவருடைய கண்கள் மட்டுமே. சத்தமில்லாமல் கைகூப்பி வணங்கியவருக்குப் பதில் வணக்கம் வராதபோது, அவர் அதைச் செருக்கு என்று எடுத்துக்கொள்கிறார். தோளைத் தட்டி "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று குரலைப் புதிர்போடுபவர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்; பார்வையற்றவர்கள் இந்த அளவுக்கு வெறுக்கும் விளையாட்டு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தக் குறையைத் தொழில்நுட்பத்தால் ஈடுசெய்ய முடியுமா என்று முறையாக ஆராய்ந்தவர்களுள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகக் குழு முக்கியமானது. சென்னையில் பிறந்து, சென்னை ஐஐடியில் முதுகலைப் பட்டம் பெற்ற சேதுராமன் பஞ்சநாதனின் ஆய்வுமையம் அது. அவர் 2020 முதல் 2025 வரை அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இயக்குநராக இருந்தவர். மூக்குக்கண்ணாடியில் சிறிய கேமராவைப் பொருத்தி, அது காண்பதை அணிந்திருப்பவரின் உடலுக்கு அதிர்வாகக் கடத்துவது அவர்களுடைய வழி. ஒலியாகச் சொல்லிவிடலாமே என்று பலரும் கேட்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது பார்வையற்றவரின் காதுகள் ஏற்கெனவே முழுநேர வேலையில் இருக்கின்றன; எதிராளியின் குரல் தணிவதையும் மூச்சு இழுபடுவதையும் கேட்டே அவர் முகத்தைப் படிக்கிறார். அந்த நேரத்தில் காதுக்குள் ஒரு கருவியும் பேசத் தொடங்கினால் இருப்பதும் கெடும்.

அக்குழு உருவாக்கிய இடுப்புப்பட்டியில் வரிசையாக அதிர்வு மோட்டார்கள் இருக்கும். இடுப்பின் எந்தப் பக்கம் அதிர்கிறதோ அந்தத் திசையில் ஆள் நிற்கிறார். அதிர்வின் தாளம் அவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பதைச் சொல்லும். 2010இல் அவர்கள் வெளியிட்ட கையுறையோ விரல்களின் பின்புறத்தில் 14 மோட்டார்களைக் கொண்டது. மகிழ்ச்சி, சோகம், கோபம் முதலான ஆறு அடிப்படை உணர்ச்சிகளையும் உணர்ச்சியற்ற முகத்தையும் அது தனித்தனி அதிர்வுக் கோலங்களாக உணர்த்தியது. சிரிப்பு என்றால், உதட்டின் வளைவைப்போல அதிர்வும் விரல்களினூடே வளைந்து செல்லும்.

இரண்டில் கையுறைதான் கேட்பவரை வியக்கவைக்கும். ஆனால் என் கருத்தில் இடுப்புப்பட்டியே மேலானது. ஆள் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்பவை சரிபார்க்கத்தக்க செய்திகள்; அவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்பது ஊகம். மனிதர்கள் கோபத்திலும் சிரிக்கிறார்கள், அவமானத்திலும் சிரிக்கிறார்கள். நம் ஊரில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது 'சரி'யா, 'பார்க்கலாம்' என்பதா என்று பார்வையுள்ள வெளியூர்க்காரருக்கே விளங்குவதில்லை. முக அசைவுகளிலிருந்து உணர்ச்சியை நம்பகமாகக் கணிக்க முடியாது என்று 2019இல் உளவியலாளர்கள் விரிவான ஆய்வுத் தொகுப்பில் எழுதினார்கள். 2022இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியைத் தன் முகமறியும் மென்பொருள் சேவையிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. ஆனால் சுற்றியிருப்பதைப் பார்வையற்றோருக்குக் குரலில் விவரிக்கும் தன் 'சீயிங் ஏஐ' செயலிக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்த விலக்கின் நோக்கம் எனக்குப் புரிகிறது. எனினும் எல்லோருக்கும் நம்பத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட கணிப்பு, அதைத் தன் கண்ணால் சரிபார்க்க முடியாதவருக்கு மட்டும் எப்படிப் போதுமானதாகும் என்ற உறுத்தலும் இருக்கிறது.

அதே நிறுவனத்தின் இங்கிலாந்து கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் உருவான 'பீப்பிள்லென்ஸ்' எனக்குப் பிடித்திருப்பதும் இதனால்தான்; அது உணர்ச்சியை ஊகிப்பதில்லை. தலையில் அணியும் அந்தக் கருவி, அணிந்திருப்பவர் முகத்தை ஒருவர் பக்கம் திருப்பும்போது, பதிவு செய்யப்பட்ட ஆளாயிருந்தால் அவருடைய பெயரை அவர் நிற்கும் திசையிலிருந்தே ஒலிக்கச் செய்கிறது. யாராவது அணிந்திருப்பவரைப் பார்த்தால் அதையும் ஒலியால் தெரிவிக்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற சிறுவர்கள் பிறர் முகம் நோக்கிப் பேசப் பழகுவதற்காக அதைச் சோதித்தார்கள். கேமராக்களுக்கு மேலுள்ள விளக்கு, எதிரில் இருப்பவரைக் கருவி கண்டுகொண்டதை அவருக்கே காட்டிவிடுகிறது. தன் முகம் படிக்கப்படுவதை அறியும் உரிமை எதிராளிக்கும் உண்டல்லவா?

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் விவரித்தபோது, "கையுறை வேண்டாம் சார், அந்த பெல்ட் எங்க கிடைக்கும்?" என்றுதான் கேட்டார். அது ஆய்வுக்கூட முன்மாதிரி, கடையில் வாங்கக்கூடிய பொருளல்ல என்று சொல்ல வேண்டியிருந்தது. பிறகு இருவரும் அவருடைய அலுவலகத்துக்குச் சென்று, உடன் உணவருந்தும் நால்வரிடம் பேசினோம். இப்போது அவர்கள் கேள்வி கேட்குமுன் அவர் பெயரைச் சொல்கிறார்கள். எழுந்து போகும்போது மேசையை விரலால் இருமுறை தட்டுகிறார்கள். ஒருவர் மட்டும் அவ்வப்போது மறந்துவிடுகிறாராம்.