கையை எடுத்தாலும் இறங்காத ஜாக்கி

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கும் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வயலில் கிடக்கும் பாறையைக் கடப்பாரையால் நெம்பும்போது கையைத் தளர்த்தினால், பாறை அந்த நொடியே விழுந்துவிடுகிறது. ஆனால் தேனி சாலையின் பஞ்சர் கடையில், திருகு ஜாக்கியால் லாரியை உயர்த்தியபின் கம்பியை உருவி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள். லாரி இம்மியும் இறங்குவதில்லை. இரண்டும் எளிய இயந்திரங்கள்தானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு என்கிறார் அவர்.

கடப்பாரையின் கணக்கு பள்ளியில் படித்ததுதான். முட்டுக் கொடுத்த கல்லிலிருந்து பாறை 10 சென்டிமீட்டரிலும் கை 120 சென்டிமீட்டரிலும் இருந்தால், 240 கிலோ பளுவுக்கு 20 கிலோ அழுத்தம் போதும். ஆனால் பாறை 1 சென்டிமீட்டர் எழுவதற்குக் கை 12 சென்டிமீட்டர் இறங்க வேண்டும்.

திருகு என்பது சுருட்டி வைத்த சாய்தளம். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்குப் போகும் மலைப்பாதையின் சரிவை, ஓர் இரும்புத் தண்டைச் சுற்றி ஒரே சீராக ஏற்றிவிட்டால் அதுதான் மரை. அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே 5 மில்லிமீட்டர் உள்ள ஜாக்கியை 50 சென்டிமீட்டர் கம்பியால் சுற்றுவதாகக் கொள்வோம். ஒரு சுற்றில் கை 3 மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது, லாரியோ 5 மில்லிமீட்டர்தான் எழுகிறது. அப்படியானால் 3 டன் பளுவை உயர்த்த 5 கிலோ விசைகூட வேண்டியதில்லை. ஆனால் நடைமுறையில் 20 கிலோவுக்கு மேல் தேவைப்படுகிறது. மீதியை மரைகளுக்கு இடையிலான உராய்வு விழுங்கிவிடுகிறது. வாசகரின் கேள்விக்கு விடையும் அந்த உராய்வில்தான் இருக்கிறது.

பழைய ஜாக்கி ஒன்றின் தண்டைக் கிரீஸைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். மரையின் மேல்முகம் கறுத்திருக்க, கீழ்முகம் மட்டும் தேய்ந்து பளபளக்கும். லாரியின் எடை முழுவதும் அந்தக் கீழ்முகத்தின் வழியாகத்தான் நட்டின் மரைமீது அமர்கிறது. தண்டின் சுற்றளவு 125 மில்லிமீட்டர் என்றால், ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் ஏற்றம் என்பது 25-க்கு 1 என்ற மென்மையான சரிவு, அதாவது 0.04. கிரீஸ் தடவிய இரும்பின்மேல் இரும்பு வழுக்குவதற்கான உராய்வுக் கெழுவோ, அதாவது அழுத்தும் விசையில் உராய்வு எத்தனை பங்கு என்ற எண்ணோ, பொதுவாக 0.1-க்கு மேல் இருக்கிறது. சரிவு இந்த எண்ணைவிடக் குறைவாக இருக்கும்வரை, பளு எவ்வளவு கூடினாலும் அது தானாகச் சறுக்கி இறங்காது. எடை கூடக்கூட, மரைகளை ஒன்றோடொன்று அழுத்தும் விசையும் உராய்வும் அதே விகிதத்தில் கூடிவிடுகின்றன.

இதில் என்னை வியக்க வைக்கும் கணக்கு ஒன்று உண்டு. ஏற்றும்போது நாம் செய்யும் வேலையில் ஒரு பகுதி லாரியை உயர்த்துகிறது, மறுபகுதி உராய்வில் வெப்பமாகிறது. லாரி தானாக இறங்க வேண்டுமானால், உயர்ந்ததால் கிடைத்த ஆற்றலைக்கொண்டு ஏறத்தாழ அதே அளவு உராய்வை அது வெல்ல வேண்டும். உராய்வின் பங்கு பாதிக்கு மேல் என்றால் அந்த ஆற்றல் போதாது. தானாக நிற்கும் திருகின் பயனுறுதிறன், அதாவது செய்த வேலையில் பளுவை உயர்த்தப் பயன்படும் பங்கு, 50 சதவீதத்தைத் தாண்ட முடியாததற்குக் காரணம் இதுவே. கடப்பாரை உராய்வில் மிகக் குறைவாகவே இழக்கிறது. அதனால்தான் பாறையை அதனால் பிடித்து வைக்க முடிவதில்லை.

கப்பலூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் உள்ள சிஎன்சி எனும் கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்கள் போன்றவற்றில், மரைக்கும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருளும் திருகுகள் இருக்கின்றன. அவற்றின் பயனுறுதிறன் 90 சதவீதத்தை எட்டுகிறது. எனவே செங்குத்தாக ஏறி இறங்கும் பாகம், மின்சாரம் நின்றவுடன் சரிந்துவிடாமலிருக்கத் தனியாகப் பிரேக் வைக்கிறார்கள்.

1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் அறிந்து கையாண்டால் அந்நாட்டுத் தொழில்துறை ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று மதிப்பிட்டது. விண்கலங்களுக்குச் செலவிடுவதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பட்டறைகள் நிறைந்த நம் மாவட்டங்களின் பொறியியல் கல்லூரிகளில் உராய்வு ஆராய்ச்சிக்கென ஓர் ஆய்வகமாவது அமைய நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜாக்கி நழுவினால் நேரம் சரியில்லை என்று சொல்லி எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிறார்கள். பக்கத்தில் கனரக வண்டிகள் போகும் அதிர்வில் மரைகளின் பிடி நொடிக்கு நொடி தளர்ந்து இறுகும். தேய்ந்துபோன மரை அதைத் தாங்காது. தரை சரிந்திருந்தால் ஜாக்கியே சாய்ந்துவிடும். வண்டிக்கு அடியில் போகுமுன் மற்றச் சக்கரங்களுக்கு அணைக்கட்டையும், அச்சுக்குக் கீழே உறுதியான ஒரு தாங்கியும் வையுங்கள்.