முதன்மை மனிதவள அலுவலர்: சொல் விளக்கம்

ஆளெடுப்பு, ஊதியம், பயிற்சி, பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை, தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை ஆகிய அனைத்துக்கும் பொறுப்பேற்று, நிர்வாகத் தலைவருக்கு நேரடியாகப் பதில் சொல்லும் பதவியைப் பெருநிறுவனங்கள் சி.எச்.ஆர்.ஓ. (சீஃப் ஹியூமன் ரிசோர்சஸ் ஆபீசர்) என்கின்றன. வடசென்னையின் எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளில் இந்த நான்கெழுத்து அவ்வளவாகப் புழங்குவதில்லை. அங்கே ‘எச்.ஆர்.’ என்பார்கள், அந்த இருக்கையில் பெண் இருந்தால் ‘எச்.ஆர். மேடம்’ என்பார்கள். பணி ஓய்வு பெற்ற மூத்த தொழிலாளர்களிடம் கேட்டால் ‘டைம் ஆபீஸ்’, ‘லேபர் ஆபீசர்’, ‘பர்சனல் மேனேஜர்’ என்ற பழைய பெயர்களும் வரும்.

இந்தப் பெயர்களின் வரிசையே இத்துறையின் வரலாறு. பெரம்பூர் பின்னி ஆலைகள் போன்ற பஞ்சாலைகளின் தொடக்க காலத்தில் ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் பெரும்பாலும் மேஸ்திரிகளின் கையில் இருந்தன. 1918-இல் அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பின், குறைகளைக் கேட்கப் பொறுப்பான ஒருவர் தேவை என்பதை நிர்வாகங்கள் தட்டிக்கழிக்க முடியவில்லை. 1931-இல் அறிக்கை தந்த அரச தொழிலாளர் ஆணையம், மேஸ்திரியின் அதிகாரத்தைக் குறைக்கத் தொழிலாளர் அலுவலரை அமர்த்தச் சொன்னது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேருக்குக் குறையாத ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று விதித்தது.

எச்.ஆர். என்பதன் விரிவான ‘ஹியூமன் ரிசோர்ஸ்’ என்பதில் உள்ள ‘ரிசோர்ஸ்’ என்ற சொல் ‘மீண்டெழுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, இடரில் கைகொடுக்கும் இருப்பைக் குறிக்கலாயிற்று. மனிதரையும் அவ்வாறு ஓர் இருப்பாகக் கருதும் வழக்கை மேலாண்மைத் துறையில் 1954-இல் மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் வலியுறுத்தினார். இந்தியாவில் 1975-இல் எல் அண்ட் டி நிறுவனம், மேலாண்மைப் பேராசிரியர்கள் உதய் பரீக், டி.வி. ராவ் ஆகியோரின் பரிந்துரைப்படி மனிதவள மேம்பாட்டுக்கெனத் தனித்துறை அமைத்தது. 1985-இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் அதே பெயரை ஏற்றபோது, ‘மனிதவளம்’ என்ற தமிழாக்கம் செய்தித்தாள் வழியே எல்லோருக்கும் பழகியது.

தமிழாக்கம் பொருந்துவதாகவே இருக்கிறது. நிலவளம், நீர்வளம் என்னும்போது வளம் செழிப்பைக் குறிக்கிறது. திருக்குறளின் ‘வளத்தக்காள்’ என்ற சொல்லில் அது வருவாயைக் குறிக்கிறது. இவ்விரண்டு பொருளும் இங்கே ஒத்துவருகின்றன. ‘மாந்தவளம்’ என்பது தூய வடிவம். ஆனால் ‘மனிதவளம்’ வேரூன்றிவிட்டதால் அதை மாற்றத் தேவையில்லை. பதவிப் பெயருக்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. மாவட்டக் கல்வித் துறையின் தலைமைப் பதவியை முதன்மைக் கல்வி அலுவலர் என்கிறோமே, அதே முறையில் ‘முதன்மை மனிதவள அலுவலர்’ என்பதே தெளிவானது. ‘அலுவலர்’ இருபாலுக்கும் பொதுவான சொல்லாதலால், பெண்ணுக்கென்று தனி வடிவம் வேண்டியதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எச்.ஆர். என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தொழில்கள் அடங்கியுள்ளன. ஆளெடுப்பு, பயிற்சி, நலம், சம்பளப் பட்டியல் ஆகியவை ஒன்று. சங்கத்தோடு பேசுதல், குற்றப்பத்திரிகை, உள்விசாரணை, உடன்படிக்கை ஆகியவை மற்றொன்று. 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்றவற்றில் படித்து இத்துறைக்குள் வரும் பெண்களுக்கு முதல் தொழில் எளிதில் கிடைக்கிறது. இரண்டாவது, ‘ஆலைப்பக்கம் சரிவராது’ என்ற ஒற்றை வரியில் மறுக்கப்படுகிறது. உற்பத்தி நிறுவனங்களிலோ தலைமைப் பதவிக்கு ஆளைத் தேடும்போது முதலில் கேட்கப்படுவது, ‘எத்தனை ட்வெல்வ் த்ரீ முடித்திருக்கிறீர்கள்?’ என்பதுதான். 2025 வரை நடப்பிலிருந்த, 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவைச் சுட்டும் இந்த வழக்கு, சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்தாகும் ஊதிய உடன்படிக்கையைக் குறிப்பது. சங்கத்தில் சேராத தொழிலாளியையும் அது கட்டுப்படுத்தும் என்பதால், கோரிக்கைப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் பல மாதங்கள் வாதாடிய பின்னரே அந்தக் கையெழுத்து விழும். அந்த மேசையில் அமர வாய்ப்பே தராமல், பின்னர் அனுபவம் இல்லை என்று பெண்ணை ஒதுக்குவது நியாயமன்று.

யூனிலீவரின் முதல் பெண் மனிதவளத் தலைவராக 2016-இல் பொறுப்பேற்று, பின்னர் ஷனேல் என்னும் ஆடம்பரப் பொருள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலரான லீனா நாயர், தம் தொடக்க ஆண்டுகளில் விரும்பிக் கேட்டுச் சென்றது ஆலைகளுக்குத்தான். அவற்றுள் அம்பத்தூரும் ஒன்று.

இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் தலைமையை அந்த நிறுவனத்தின் மூத்த நிலைப் பெண்ணிடமே ஒப்படைக்கிறது. சாட்சிகளை அழைப்பது, வாக்குமூலம் பதிவது, 90 நாளுக்குள் விசாரித்து முடிப்பது ஆகியவை உள்விசாரணைக்கு வேண்டிய அதே திறன்கள்தாம். இந்தப் பணியைக் கூடுதல் சுமையாக மட்டும் கருதாமல், பதவி உயர்வின்போது விசாரணை அனுபவமாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது தொழிலுக்குத் தமிழில் ‘தொழிலுறவு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. வடசென்னை ஆலைகள் தமிழில் வெளியிடும் ஆட்சேர்ப்பு அறிவிப்புகளில் ‘மனிதவள அலுவலர்’ என்று மட்டும் போடாமல், ‘தொழிலுறவுப் பொறுப்பும் உண்டு, பெண்களும் விண்ணப்பிக்கலாம்’ என்று எழுதினால், படித்து முடித்துவரும் பெண் எந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை முதல் நாளே அறிந்துகொள்வாள்.