டர்போ காரா? ஆயில் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு லிட்டர் இன்ஜின் கொண்ட டர்போ பெட்ரோல் கார் ஒன்று எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்தது. டர்போ என்பது, இன்ஜின் வெளியே விடும் புகையின் விசையில் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் சின்ன விசிறி. பிக்கப் இல்லை, ஆக்சிலரேட்டரை மிதித்தால் நீளமாக ஒரு விசில் சத்தம், காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் நீலப் புகை. ஓடியிருப்பது வெறும் 58,000 கிலோமீட்டர். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் சின்னக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கரி. தீய்ந்த பாலின் அடி பாத்திரத்தில் பிடிக்குமே, அப்படி இறுகிப்போய், ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சம் இருந்தது.

வண்டியின் சொந்தக்காரர் வாரண்டி முடிந்ததும் வெளியே ஓர் இடத்தில் சர்வீஸ் விட்டிருக்கிறார். "நல்ல கெட்டியான ஆயிலாப் பார்த்துப் போடச் சொன்னேன் அண்ணா" என்றார். போட்டது 20டபிள்யூ-50 என்ற கெட்டி ரகம், அதுவும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதா மினரல் ஆயில். அவர் ஒன்றும் அலட்சியமான ஆள் இல்லை, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றியிருக்கிறார். அதுதான் எனக்கு மனது கேட்கவில்லை. அக்கறையோடு பார்த்துக்கொண்ட வண்டிக்கு டர்போ மாற்றி, பில் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது.

கெட்டி ஆயில்தான் இன்ஜினுக்கு நல்லது என்ற எண்ணம் அம்பாசடர் காலத்தில் இருந்து நம் வீடுகளில் இருக்கிறது. அந்த இன்ஜின்களுக்கு அது சரிதான். டர்போ வேறு சமாச்சாரம். உங்கள் இன்ஜின் நிமிடத்துக்கு அதிகபட்சம் ஆறாயிரம், ஏழாயிரம் சுற்று சுற்றும். டர்போவின் தண்டு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். பெரும்பாலான கார்களில் அந்தத் தண்டு பால் பேரிங்கில் உட்கார்ந்திருக்கவில்லை, ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் பெட்ரோல் இன்ஜினின் புகை 900 டிகிரிக்கு மேல் சூடாக வந்து அடிக்கிறது. அந்த இடத்தில் பேரிங் வேலையோடு கூலிங்கிலும் ஆயிலுக்குப் பங்கு உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கெட்டி ஆயில் மெதுவாக ஏறும், அதுவரை தண்டு காய்ந்து சுற்றும். மினரல் ஆயிலாக இருந்தால் சூட்டில் சீக்கிரம் கருகி, நான் பார்த்த அந்தக் கரியாக மாறும்.

5டபிள்யூ-30 என்றால் என்ன என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. முன்னால் உள்ள எண் குளிரில் எவ்வளவு லேசாக ஓடும் என்பது, பின்னால் உள்ளது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. அவ்வளவுதான். மேனுவலில் 0டபிள்யூ-20 என்று இருந்தால், "தண்ணி மாதிரி இருக்கே" என்று பயப்படாமல் அதையே போடுங்கள், அந்த இன்ஜினின் பம்பும் பேரிங் இடைவெளியும் அதற்காகவே செய்யப்பட்டவை. 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டும் போடலாம் என்று மேனுவலே சொன்னால், நம் ஊர் வெயிலுக்கும் மலை ஏற்றத்துக்கும் நான் 40ஐத்தான் எடுப்பேன்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதுதான் இப்போது நடக்கும் பெரிய தப்பு. ஒரே 5டபிள்யூ-30 என்று எழுதிய இரண்டு டப்பாவுக்குள் இருக்கும் ஆயில் வேறு வேறாக இருக்கலாம். பின்பக்கம் பொடி எழுத்தில் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியம் அமைப்பு), ஏசிஇஏ (ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கம்) என்று தரக் குறியீடுகள் இருக்கும், அங்கேதான் விஷயம் இருக்கிறது. 'ஃபுல்லி சிந்தெடிக்', அதாவது மினரலைவிடச் சூடு தாங்கும் செயற்கை ஆயில் என்று முன்னால் பெரிதாக எழுதியிருந்தால் மட்டும் போதாது.

டர்போ பெட்ரோல் காருக்கு ஏபிஐ எஸ்பி என்று இருக்கிறதா பாருங்கள், அல்லது அதற்குப் பிறகு வந்த தரம். இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் டர்போவை விட்டுவிட்டு நேராக பிஸ்டனையே உடைக்கும் கோளாறு இது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சின்ன டர்போ இன்ஜின்களில், உயர் கியரில் 1,500, 2,000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு சத்தம் வரும், மோசமாக இருந்தால் பிஸ்டனின் ரிங் உட்காரும் விளிம்பே உடைந்துவிடும். இதைத் தூண்டும் காரணங்களில் ஆயிலும் ஒன்று: அழுக்கை அகற்ற ஆயிலில் சேர்க்கும் கால்சியம் உப்பு அதிகமாக இருந்தால் ஆபத்து கூடுகிறது. அதனால் 2018இல் எஸ்என் பிளஸ், 2020 மே மாதத்தில் எஸ்பி என்ற தரங்கள் வந்தன, கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைக் கலந்து பல கம்பெனிகள் ஆயிலை மாற்றின. ஸ்பேர் கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பழைய எஸ்எம், எஸ்என் டப்பாவை எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டீசல் கார்க்காரர்களில் பலருக்குத் தங்கள் வண்டியில் டர்போ இருப்பதே தெரியாது. இப்போது ஓடும் டீசல் கார்களில் அநேகமாக எல்லாமே டர்போதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வந்த டீசல் கார்களில் கூடவே டிபிஎஃப் என்ற புகை வடிகட்டியும் இருக்கிறது. நாமக்கல் பக்கம் லாரி வைத்திருக்கும் ஒருவர், லாரிக்கு வாங்கிய பேரலிலிருந்தே பிஎஸ்6 காருக்கும் 15டபிள்யூ-40 ஊற்றிக்கொண்டிருந்தார். பழைய சிஐ-4 ரக டீசல் ஆயில், பழைய லாரிக்கு அருமையானது. ஆனால் அது எரியும்போது சாம்பல் அதிகம் விடும். வடிகட்டியில் சேரும் கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும், சாம்பலை எரிக்க முடியாது, அது அங்கேயே தங்கிவிடும். டிபிஎஃப் லைட் எரிந்து, பிக்கப் போய்த்தான் வண்டி என்னிடம் வந்தது. இந்த மாதிரி வண்டிகளுக்குச் சாம்பல் குறைவான ஏசிஇஏ சி வகை ஆயில் வேண்டும், சி2, சி3, சி5 என்று மேனுவலில் எது சொல்லியிருக்கிறதோ அது. வோக்ஸ்வேகன், ஸ்கோடா, மெர்சிடிஸ் மாதிரி வண்டிகளுக்குக் கம்பெனியின் சொந்த அப்ரூவல் எண்ணும் இருக்கும், உதாரணமாக வோக்ஸ்வேகன் பெட்ரோல் இன்ஜினுக்கு 508 00, அந்த எண் டப்பாவில் அச்சாகியிருக்க வேண்டும்.

சரியான ஆயிலையும் கருக்கிவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, முழு லோடோடு ஏசி போட்டுக் கொண்டைஊசி வளைவுகளை விரட்டி ஏறி, பர்லியாரில் டீ குடிக்க நிறுத்திய நொடியே சாவியைத் திருப்பி ஆஃப் செய்வது. பம்ப் நின்றுவிடும், டர்போவுக்குள் நிற்கும் ஆயில் அந்தச் சூட்டில் அப்படியே வேகும். சில புது வண்டிகளில் ஆஃப் செய்த பிறகும் எலெக்ட்ரிக் பம்ப் கூலன்ட்டை ஓட்டிக் குளிர வைக்கும், எல்லா வண்டியிலும் அது இல்லை. ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். ஊருக்குள் மெதுவாக ஓட்டி வீட்டுக்கு வந்தால் இது தேவையே இல்லை.

வாங்கும்போது சீல் பாருங்கள், பில் கேளுங்கள். ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நின்று, புது டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள், எந்த நல்ல மெக்கானிக்கும் கோபித்துக்கொள்ள மாட்டார். காலி டப்பாவை வெட்டிப் போட்டுவிட்டு வாருங்கள், நல்ல டப்பாவில்தான் போலி ஆயில் அடைக்கிறார்கள்.

அப்புறம் மாதம் ஒருமுறை, சமதரையில், இன்ஜின் அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்தால் எல்லோரும் பதறுகிறார்கள், ஏறினால் யாரும் கண்டுகொள்வதில்லை. டிபிஎஃப் உள்ள டீசலில் குட்டிக் குட்டி ஓட்டமாகவே ஓட்டினால், கரியை எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சும் டீசல் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். மேல் கோட்டைத் தாண்டியிருந்து, டீசல் வாடையும் அடித்தால், அடுத்த சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே ஆயிலை மாற்றிவிடுங்கள்.