முத்துப்பட்டன் கதை கேட்கும்போது மனதுக்குள் என்ன நடக்கிறது?

திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடை, அதாவது ஊர்ச்சாமிக்கு எடுக்கும் விழா என்றால் வில்லுப்பாட்டு இருக்கும். சுடலைமாடனோ இசக்கியம்மனோ, எந்தச் சாமிக்குக் கொடையோ அந்தச் சாமியின் கதையை விடிய விடியப் பாடுவார்கள். கேட்கிறவர்கள் அழுவார்கள், கோபப்படுவார்கள், சிலர் வீட்டுக்குப் போன பிறகு தன் சொந்தக் காரியம் ஒன்றை நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடப்பார்கள். ஊரார் கதை நம்மை ஏன் நம்மிடமே கொண்டுவந்து விடுகிறது? இதற்கு உளவியல் ஓரளவு தெளிவாகவே பதில் சொல்கிறது.

முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்வோம். பிராமணக் குடும்பத்துப் பிள்ளை. காட்டு வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கை இருவரைப் பார்த்து ஆசைப்படுகிறான். அவர்களின் தகப்பன் வாலப்பகடை, செருப்புத் தைக்கும் குலம். பூணூலைக் கழற்றி, குடுமியை எடுத்து, செருப்பும் தைத்துக் காட்டினால் பெண் தருவேன் என்கிறான். பட்டன் செய்துவிடுகிறான். அண்ணன்மாருக்குப் பொறுக்கவில்லை.

இந்த இடத்தில் அண்ணாவி, அதாவது வில்லுப்பாட்டின் தலைமைப் பாடகர், பாட்டை நிறுத்திவிட்டு நம்மூர்ப் பேச்சுக்கு இறங்குவார். வீசுகோல் வில்லின் நாணில் சும்மா தட்டிக்கொண்டிருக்கும், மணிகள் லேசாகக் குலுங்கும். பக்கத்தில் இருக்கும் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார், குறுக்கே கேள்வி கேட்பார், அண்ணாவி பதில் சொல்வார். அந்த இடைவெளியில்தான் கூட்டம் மனதுக்குள் தீர்ப்பு எழுதுகிறது. மகள் வேறு சாதியில் கட்டிக்கொண்டாள் என்று பேச்சை முறித்துக்கொண்ட ஒரு தகப்பன் அங்கே உட்கார்ந்திருந்தால், அவரும் பட்டன் பக்கம்தான் நிற்பார். அண்ணன்மார் மேல் அவருக்கும் கோபம் வரும்.

முதலில் நடப்பது, கதைக்குள் ஆழ்ந்துபோவது. மெலனி கிரீன், திமோத்தி பிராக் என்ற உளவியலாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கதைக்குள் ஆழ்ந்து போனவர்கள் அதில் குறை கண்டுபிடிப்பது குறைந்தது, கதை சொல்லும் கருத்தின் பக்கம் சாய்வதும் கூடியது. நேரே அறிவுரை சொன்னால் எதிர்த்து வாதாடும் மனசு, கதை கேட்கும்போது அந்த வேலையைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது விஷயம், தூரம். இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் இருவரும் 2014-இல் ஒரு சோதனை செய்தார்கள். துணை துரோகம் செய்துவிட்டதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள்: சிலருக்குத் தன் துணை, சிலருக்கு நண்பருடைய துணை. நண்பருக்காக யோசித்தவர்கள் நிதானமாக இருந்தார்கள். தமக்குத் தெரியாதது இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள், அடுத்தவர் பக்கத்தையும் பார்த்தார்கள். தனக்கென்று வந்தபோது அந்த நிதானம் குறைந்தது. ஆனால் தன் பிரச்சினையையே வெளியாள் போலத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னதும் வித்தியாசம் மறைந்துவிட்டது.

‘ஏதிலார் குற்றம்போல் தம்குற்றம் காண்கிற்பின் தீதுஉண்டோ மன்னும் உயிர்க்கு’ என்கிறது குறள். புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் இது. அயலான் குற்றத்தைப் பார்க்கிற கண்ணாலேயே தன் குற்றத்தையும் பார் என்கிறது. ஆய்வுக்கூடம் அளந்து பார்த்ததும் இந்தப் பார்வையைத்தான்.

அந்தத் தகப்பனுக்குக் கொடையில் நடப்பதும் அதுதான். அவருடைய வழக்கை வேறு ஆட்களின் பெயரில் விசாரிக்கிறார்கள். தீர்ப்புச் சொன்ன பிறகுதான், சிலசமயம் நாலு நாள் கழித்துத்தான், அது தன் வழக்கு என்று உறைக்கும். எல்லோருக்கும் உறைத்துவிடாது என்பதும் உண்மை. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு, அதாவது சாமியாகிவிட்ட அதே முத்துப்பட்டனுக்கு, செருப்பைக் காணிக்கையாகக் கட்டிவிட்டு, வீட்டில் சாதி பார்ப்பவர்களும் உண்டு. அது மனதை வலிக்கச் செய்கிறது. கதை தூரத்தைத்தான் தரும். அங்கிருந்து தன் பக்கம் திரும்பிப் பார்க்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ‘நான் ஏன் இப்படிச் செய்தேன்’ என்று கேட்பதற்குப் பதிலாகத் தன் பெயரைச் சொல்லி, ‘அவன் ஏன் இப்படிச் செய்தான்’ என்று கேட்பது. 2017-இல் ஜேசன் மோசர் குழு மூளையின் மின்னலைகளை அளந்தபோது, இப்படிக் கேட்டவர்களிடம் மனக்கலக்கத்தின் அடையாளம் ஒரு விநாடிக்குள்ளேயே தணிந்தது. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் கூடுதலாக உழைத்ததாகவும் தெரியவில்லை. 2021-இல் வெளியான கிராஸ்மன் குழுவின் இன்னொரு ஆய்வில், நான்கு வாரம் தன்னைப் படர்க்கையில் வைத்து நாட்குறிப்பு எழுதியவர்களிடம், ‘நான்’ என்று எழுதியவர்களைவிட நிதானமான யோசனை வளர்ந்திருந்தது.

செய்து பார்க்க நினைப்பவர்கள் ராத்திரி படுக்கப் போகும் முன் அன்றைக்கு உறுத்திய ஒரு சம்பவத்தை எழுதலாம். வரப்புச் சண்டையோ, அடுப்படிப் பேச்சோ, எதுவானாலும் சரி. தன் பெயரைப் போட்டு, அண்ணாவி சொல்வது போல, எதிராளி என்ன நினைத்திருப்பான் என்பதையும் விடாமல் எழுத வேண்டும். கதை ஓடாமல் எங்கே முட்டி நிற்கிறதோ, அங்கே பக்கப்பாட்டுக்காரர் கேட்பது போல ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு மேலே எழுதலாம்.